வாரில் ஏழு வெட்டு

மாடிவீட்டம்மா ஐம்பத்திரண்டாவது வயதில் சவரம் பண்ணக் கற்றுக்கொண்டாள். ஆசைப்பட்டு இல்லை. அவள் வீட்டுக்காரருக்கு ஒருநாள் காலையில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சில் முக்கால்வாசி போனது. போகவேண்டிய வீம்பு மட்டும் போகவில்லை. அது படுக்கையிலும் முழுசாக அவரோடு படுத்திருந்தது.

அவர் முப்பது வருஷம் எடைமேடையில் வேலை பார்த்தவர். மேடை மேல் லாரி ஏறி நிற்கும். இவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். அதனால் எல்லோருக்கும் அவர் எடைமேடைக்காரர்தான். எத்தனை டன் ஏற்றி வந்தாலும் கிலோ சுத்தமாகச் சொல்லுகிற மனிதர். வீட்டில் ஒருத்தி தலையில் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று மட்டும் ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை.

பேச்சு போனதில் அவருக்கு மிஞ்சியது ஐந்தே சொல். "ம்", "வேணாம்", "தண்ணி", ஒரு கெட்ட வார்த்தை, அப்புறம் "மழுங்கி". முதல் நான்கும் குழறலாகத்தான் வரும். ஐந்தாவது மட்டும் கணீரென்று வரும். அது அவர் பெண்டாட்டிக்கு வைத்த பெயர். இருபத்தெட்டு வருஷம் நாளுக்கு நாலு தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த தடம், பக்கவாதத்துக்குக்கூட அழியவில்லை. "பழக்கமான சொல்லுங்க அப்படித்தான் தங்கிடும்மா" என்றார் டாக்டர். நல்ல பழக்கம்.

ஒரு மாதத்தில் தாடி காடாக வளர்ந்தது. கோணிய வாய் வழியாகக் கஞ்சி வழிந்து தாடிக்குள் இறங்கி, தாடைக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. கட்டுப்போட வந்த நர்ஸ், "முதல்ல முடிய எடுங்க, இல்லேன்னா இது ஆறாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் தெருமுனை சலூன்காரர் வீட்டுக்கே வந்தார். நாற்பது வயசு இருக்கும், சாதுவான ஆள். நுரை போட்டு முடிப்பதற்குள் எடைமேடைக்காரர் இடது கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, தன்னிடமிருந்த அந்த நாலாவது சொல்லை அவர் மேல் பிரயோகித்தார். "அவருக்கு முடியலைன்னு புரியுது, அக்கா, ஆனா எனக்கும் கொஞ்சம் தன்மானம் இருக்கு" என்று சொல்லிவிட்டு சலூன்காரர் படியிறங்கிப் போய்விட்டார். அடுத்து, ஞாயிறு தவறாமல் வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகிற கொழுந்தன், பிளாஸ்டிக் ரேசர் ஒன்றை வாங்கி வந்து வீரம் காட்டினான். அது ஜன்னல் வழியாகப் பறந்து கீழ்வீட்டுத் துணிக்கொடியில் விழுந்தது.

பிறகு எடைமேடைக்காரர் இடது கையைத் தூக்கி, குளியலறை அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அங்கே நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் அவருடைய சவரக்கத்தி. மடக்கினால் கைப்பிடிக்குள் போய்விடும், விரித்தால் விரல் நீளத்துக்குப் பளபளக்கும், பிளேடு மாற்றுகிற வேலையெல்லாம் இல்லாத அசல் கத்தி. வேறு ஆள் இல்லை, இனி அவள்தான் அதைப் பிடித்தாக வேண்டும்.

"அண்ணி கையிலயா? அதுவும் அந்தக் கத்தியா?" கொழுந்தன் சிரித்துவிட்டான். "குரங்கு கையில பூமாலை குடுத்த கதைதான்."

மாடிவீட்டம்மாவும் பழக்கதோஷத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

அந்தப் பெட்டியை அவள் தொட்டு இருபத்தெட்டு வருஷமாகிறது. காரணம் ஒரு நூல்.

கல்யாணமாகி நாலு மாதம் இருக்கும். எடைமேடைக்காரர் அந்தக் கத்தியைப் புதிதாக வாங்கி வந்தார். கூடவே தீட்டுவதற்கு ஒரு தோல்வாரும் வாங்கினார். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த படம் போட்ட தாளைப் பார்த்துத் தானே பழகினார். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் பழகுவார். தனக்கு ஒன்று தெரியாது என்பதைச் சுவர்கூடப் பார்த்துவிடக் கூடாது அவருக்கு. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் முகத்தில் நாலு இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். எடைமேடையில் ஒரு லாரி டிரைவர், "என்ன சார், ராத்திரி பூனையோட சண்டையா?" என்று கேட்டான். மொத்த லாரி யார்டும் சிரித்தது.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "என் கத்தியத் தொட்டது யாரு?"

வீட்டில் இருந்ததே இரண்டு பேர். பொய் சொல்லத் தெரியாத இருபத்துநாலு வயசுக்காரி, "மூணு நாளைக்கு முன்னாடி சட்டைத் தையல்ல ஒரு நூல் நீட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. அதுல அறுத்தேன். ஒரே ஒரு நூலு" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் அதுதான். அவர் கத்தியை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். நுனியிலிருந்து அடிவரை ஒரே மொண்ணை. காகிதத்தைக்கூட அறுக்காது.

"கெடுத்துட்டியே! ஒரு நூலு அறுக்கத் தெரியாத கையா இது? மழுங்கி!"

அந்தப் பெயர் அன்று பிறந்தது. மறுவாரமே புதுத் தோல்வார் ஒன்று வாங்கி வந்து மாட்டினார். பழையதும் பாழாகிவிட்டது, அதுவும் உன்னால்தான் என்றார். கத்தியைச் சாணைக்குக் கொடுத்துச் சரிபண்ணிக்கொண்டார். கத்தி சரியாகிவிட்டது, பெயர் சரியாகவில்லை. வீட்டில் டம்ளர் உடைந்தால் மழுங்கி. குழாய் ஒழுகினால் மழுங்கி. கொழுந்தனுக்குக் குழந்தை பிறந்து எல்லோரும் ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினபோது, "அண்ணி கையில மட்டும் குடுத்துடாதீங்க" என்று அவன் ஒரு போடு போட்டான். ஆஸ்பத்திரி அறையே சிரித்தது. நீட்டின கையை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் அந்தக் கைதான் காரணம் என்று யாரும் சொல்லாமல் விட்டார்களே, அதுவரைக்கும் புண்ணியம்.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஒன்று உண்டு. அவள் நன்றாகத் தைப்பாள். தையலைவிடத் துணி வெட்டுவதில்தான் அவளுக்கு ருசி. சாக்கட்டியில் கோடு போட்டுக் கத்தரியை வைத்தாளானால் எடுக்காமல் ஒரே ஓட்டமாக வெட்டிக்கொண்டு போவாள். அடுத்த தெருத் தையல்கடை முதலாளியம்மா அதைப் பார்த்துவிட்டு, "என் கடைக்குக் கட்டிங்குக்கு வந்துடு, கட்டிங் மேசைய உன்கிட்டயே விட்டுடுறேன்" என்று மூன்று தடவை கூப்பிட்டு அனுப்பினாள். எடைமேடைக்காரர் ஒன்றும் கத்தவில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "தாராளமா போ. ஒரு நூலுக்கே கத்தியக் கெடுத்தவ, ஊரான் துணியெல்லாம் என்ன கதியாகுதோ!"

அவள் போகவில்லை. அவர் தடுத்ததால் இல்லை. அவளே நம்பிவிட்டாள். என் கை சரியில்லை, தொட்டது விளங்காது என்று அவளே மனசுக்குள் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். இன்றைக்கும் அவள் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் கொண்டுவந்து வைப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் கையில்தான் இப்போது அந்தக் கத்தி.

மத்தியானம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அவள் சலூனுக்குப் போனாள். சலூன்காரர் முதலில் தயங்கினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பலூனை ஊதி, நுரையைப் பூசி, அவள் கையில் கொடுத்தார்.

"இது வெடிக்காம நுரைய மட்டும் எடுத்துட்டீங்கன்னா, சார் கன்னத்துல கை வைக்கலாம்."

முதல் பலூன் வெடித்ததில் நாற்காலியில் கண்ணை மூடிக்கிடந்த வாடிக்கையாளர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதும் வெடித்தது. சலூன்காரர் அலுத்துக்கொள்ளவில்லை. கத்தியை அழுத்தக் கூடாது, அதன் கனமே போதும் என்றார். தோலோடு படுக்கவும் விடாமல், நிமிர்ந்து நிற்கவும் விடாமல், லேசாகச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி சாய்ந்திருக்கிற பக்கமாகவே போக வேண்டும். கன்னத்தில் ஆரம்பித்து, கழுத்துக்கு வந்து, மோவாயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் சுடுதண்ணீரில் பிழிந்த துண்டை முகத்தில் போட்டு முடி இளகும்வரை காத்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணு, அக்கா. கோவமா இருக்கும்போது மட்டும் கத்தியத் தொடாதீங்க."

"அப்படிப் பார்த்தா நான் என்னைக்குமே தொட முடியாது, தம்பி."

சலூன்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஏழாவது பலூன் வெடிக்கவில்லை.

வீட்டில் முதல் சவரம் ஒரு மணி நேரம் பிடித்தது. மோவாயில் ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று என இரண்டு கீறல். இரண்டு தடவையும் அவர், "மழுங்கி!" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படிகாரத்தை வைத்து அழுத்தினாள். மனுஷனுக்கு உயிர்நாடி என் விரலுக்கடியில் துடிக்கிறது, அப்போதும் வாய் அடங்குகிறதா பார் என்று எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது சவரத்தில் ஒரு கீறல். மூன்றாவதில் ஒன்றுமில்லை. தாடைப் புண் காய்ந்து பக்கு விட்டது. நர்ஸ் பார்த்துவிட்டு, "யாரும்மா பண்ணது? ரொம்ப சுத்தமா இருக்கே" என்றாள். எடைமேடைக்காரர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலாவது சவரத்தின் தொடக்கத்திலேயே கத்தி லேசாகப் பிடித்து இழுக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. வாரில் தீட்ட வேண்டும் என்று சலூன்காரர் சொல்லியிருந்தார். எப்படி என்று காட்டுவதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. பார்த்திராத வித்தையா, கையால் இழுக்க வேண்டியதுதானே என்று அவளே ஆரம்பித்தாள். ஆணியில் தொங்குகிற வாரை இடது கையால் விறைப்பாகப் பிடித்து, கத்தியை மேலே இழுத்தாள், திருப்பினாள், கீழே இழுத்தாள். சரக், சரக் என்று சத்தம் நன்றாகத்தான் வந்தது. பார்த்தால் வாரின் மேல்முனையில், வளையத்துக்கு ஒரு சாண் கீழே, தோல் வெட்டுப்பட்டிருந்தது. மூன்று வெட்டு. மூன்றும் ஒரே சாய்வில்.

வெட்டுகளை விரலால் தடவிப் பார்த்தாள். இருந்தாலும் நுரை போட்டாகிவிட்டதே என்று கத்தியைக் கன்னத்தில் வைத்தாள். அது வழிக்கவில்லை, பிறாண்டியது. அவர் துள்ளினார், ரத்தம் நுரையில் கலந்து இறங்கியது.

"மழுங்கி! மழுங்கி!"

கத்தியை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். நுனியிலிருந்து அடிவரை ஒரே மொண்ணை. அன்றைக்குப் பார்த்த அதே மொண்ணை. பார்த்தாயா, கை புத்தியைக் காட்டிவிட்டது, அவர் சொன்னது சரிதானே என்று அவளுக்குள் பழைய குரல் ஒன்று சொல்லியது. மீதி முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, குற்றவாளி மாதிரி சலூனுக்கு நடந்தாள்.

"கெடுத்துட்டேன், தம்பி. என் கையே அப்படித்தான். தொட்டது விளங்காது."

சலூன்காரர் கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பார்த்த கையோடு கேட்டார்: "வாரை எத்தனை எடத்துல வெட்டினீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாரைப் பற்றி அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புதுசா பழகுறவங்க எல்லாரும் பண்றதுதானே, அக்கா. நான் ரெண்டு வாரைக் கிழிச்சிருக்கேன்." அவர் தன் வாரை இழுத்துப் பிடித்துச் செய்து காட்டினார். "மேல போய்த் திரும்பும்போது கத்திய முதுகு மேல உருட்டணும். கூர் பக்கமா திருப்பினீங்கன்னா தோலுல கடிக்கும். எப்பவும் முதுகு முன்னால போகணும், கூர் பின்னால வரணும். மாத்தி இழுத்தா முழுக் கூரும் இப்படி மடங்கிப் போயிடும். கல்லுல ரெண்டு தேய் தேய்ச்சுத் தரேன், புதுசாயிடும்."

அவள் அந்த வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்:

"நூல் அறுத்தா இப்படி ஆகுமா?"

"நூலா?"

"ஒரே ஒரு நூலு. சட்டை நூலு."

"நூலு பட்ட எடத்துல ஒரு புள்ளி மழுங்கும். அதுவும் வார்ல பத்து தடவை இழுத்தா சரியாப்போயிடும்." அவர் கத்தியைக் கல்லில் படுக்கவைத்தார். "நுனியிலேர்ந்து அடி வரைக்கும் போயிருக்குன்னா அது நூலு வேலை இல்லக்கா. தீட்டத் தெரியாதவன் வேலை."

கல்லில் கத்தி போகிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கத்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். படுக்கையைத் திரும்பிப் பார்க்காமல், ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கினாள். எடைமேடைக்காரர் எதையும் தூக்கிப்போடுகிற ஜாதியில்லை. முப்பது வருஷத்துச் சாமானும் அதற்குள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பழைய பெல்ட், அறுந்த கைக்கடிகார வார், எடைமேடைச் சீட்டுக் கட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில், பேப்பரில் சுற்றி, பேப்பர் மேல் நூல் கட்டி, பழைய தோல்வார்.

வளையத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டு. ஒன்றல்ல, ஏழு. ஏழும் ஒரே சாய்வில். இரண்டு வெட்டில் பசை தடவி ஒட்டப் பார்த்திருந்த தடம் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

பசை தடவியிருக்கிறான் பார், அந்த இடத்தில்தான் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தெரியாமல் பழி போட்டிருந்தால்கூடப் போகிறது மனுஷன் என்று விடலாம். ஒட்டப் பார்த்திருக்கிறார். ஒட்டவில்லை என்றதும் சுற்றி, கட்டி, பரண்மேல் போட்டுவிட்டு வந்து, நாலு மாதக் கல்யாணப் பெண்ணைப் பார்த்து, "கெடுத்துட்டியே" என்று கத்தியிருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மகராஜனுக்குக் கோணல் கூடமாகப் பெண்டாட்டி கிடைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையும் அவளையே ஆக்கிப் போட வைத்திருக்கிறார், இருபத்தெட்டு வருஷம்.

அவள் பழைய வாரைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சலூன்காரர் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கத்தியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

கொழுந்தன் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் சுடுதுண்டு போட்டாள், நுரை போட்டாள், தான் வெட்டிய வாரின் நல்ல பகுதியில், முதுகு முன்னே கூர் பின்னே, பத்து இழு இழுத்தாள். தொங்கிப்போன வலது கன்னத்தை இழுத்துப் பிடித்து ஒரே சீராக வழித்தாள். வலது பக்கம் முடிந்தது.

"பரவாயில்லையே, அண்ணி!" என்றான் கொழுந்தன். "இந்தத் தடவை கத்திக்கு ஒண்ணும் ஆகலையா? பக்கத்துல நூலு கீலு எதுவும் இல்லையே?"

அவனே சிரித்தான். படுக்கையில் இருந்தவரின் இடது பக்க உதடும் லேசாகச் சிரித்தது. அதை அவள் பார்த்தாள்.

கத்தியைத் துடைத்தாள், மடக்கினாள், பெட்டிக்குள் வைத்தாள். பீரோவைத் திறந்து பழைய வாரை எடுத்துவந்து, அவர் கண்ணுக்கு நேரே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

"இது என்ன?"

உதட்டிலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ண மூடினா காணாமப் போயிடுமா? ஏழு வெட்டு. நூலு வெட்டினதா இது? கத்தியக் கெடுத்தது யாரு?"

"அண்ணி, என்ன இது, உடம்பு சரியில்லாதவர்கிட்ட..."

"நீ சும்மா இரு. இருபத்தெட்டு வருஷம் நீ சிரிச்ச சிரிப்புக்கு அப்புறமா வரேன்." அவள் வாரை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் 'சொல்லு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எடைமேடைக்காரர் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. ஆனால் வாய், "வேணாம்" என்றுதான் சொன்னது.

"சரி, வேணாம். மீதி முகமும் வேணாம்."

ஈரத்துணியால் இடது கன்னத்து நுரையைத் துடைத்துவிட்டு எழுந்தாள். வாரைக் கட்டிலுக்கு எதிரே, காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டாள்.

அன்றிலிருந்து எடைமேடைக்காரர் பாதி முகத்தோடு கிடந்தார். வலது பக்கம் வழவழ, இடது பக்கம் முள். மற்ற எந்தக் குறையும் அவள் வைக்கவில்லை. நேரத்துக்குக் கஞ்சி, நேரத்துக்கு மாத்திரை, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, தாடையைத் துடைத்து மருந்து தடவுவது எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் இல்லை. நர்ஸ் வந்து பார்த்து, "இது என்னம்மா புது ஸ்டைலு?" என்று கேட்டாள். "அவரே சொல்லுவாரு" என்றாள் மாடிவீட்டம்மா. செவ்வாய்க்கிழமை எடைமேடைக்காரர் டம்ளரால் கட்டிலைத் தட்டி ரகளை பண்ணினார். புதன்கிழமை நாலாவது சொல்லை வீடதிரக் கத்தினார். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அது இல்ல, வேற சொல்லு" என்றுவிட்டுப் போனாள்.

கொழுந்தன் சலூன்காரரைக் கெஞ்சிப் பார்த்தான். "பாதியில நிக்கிற வேலைய ஆரம்பிச்சவங்கதான் முடிக்கணும், சார்" என்று அவர் கையைக் கழுவிக்கொண்டார். கடைசியில் கொழுந்தன் அவளிடமே வந்தான்.

"என்ன அண்ணி நீங்க! அவரு இருக்கற நெலைமைல... ஒரு நூலு விஷயத்துக்குப் போயி இவ்வளவு ஆத்திரமா?"

"ஒரு நூலு விஷயத்துக்குத்தான்டா என் கையப் பிடுங்கிக்கிட்டீங்க!" அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ரேடியோ நின்றது. "உன் பிள்ளையத் தூக்கினேனா நான்? ஒரு தடவை தூக்கவிட்டீங்களா? கட்டிங் மேசைய உன்கிட்டயே விடுறேன்னு மூணு வாட்டி ஆள் அனுப்பினாங்க. நான் என்ன சொல்லி அனுப்பினேன் தெரியுமா? என் கை ஆகாதுங்கன்னு. என் வாயால! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உக்காந்து சிரிக்கறதுக்கு நீ ஒருத்தன்."

கொழுந்தனுக்கு முதல் தடவையாகச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. படுக்கையிலிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கட்டிங் மேசை என்ற இடத்தில் அவர் தலை லேசாகத் திரும்பியது. அப்படி என்ன சொல்லி அனுப்பினாள் என்று அவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

அடுத்த ஞாயிறு. அவள் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் உட்கார்ந்து செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தான். கட்டிலில் இருந்து, "ம்" என்று சத்தம் வந்தது. இடது கை ஆணியைக் காட்டியது. கொழுந்தன் எழுந்து வாரை எடுத்துக் கொடுத்தான்.

எடைமேடைக்காரர் வாரை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டார். இடது கட்டைவிரலால் ஒவ்வொரு வெட்டாகத் தடவினார். ஏழு முடிந்ததும் வாயைத் திறந்தார். கோணிய வாய் எதையோ தேடியது. 'நா' என்று காற்று மாதிரி ஒன்று வந்து நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். வரவில்லை. நெற்றி வியர்த்தது. அவரிடம் இருந்ததோ ஐந்து சொல்.

பிறகு அவர் கையை முஷ்டியாக்கித் தன் மார்பில் ஒரு குத்துக் குத்தினார்.

"மழுங்கி" என்றார்.

இன்னொரு தடவை குத்தினார். "மழுங்கி." தம்பியைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவையும் தன் மார்பைக் குத்திச் சொன்னார். எப்போதும் போலக் கணீரென்று இருந்தது. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாடிவீட்டம்மா துடைத்த துணியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். உள்ளே போய்த் தண்ணீர் சுடவைத்தாள். துண்டைப் பிழிந்து அவர் முகத்தில் போட்டாள், நுரை போட்டாள், கத்தியைத் தீட்டினாள். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கி இடது கன்னத்து நுரைக்குள் கோடு போட்டது.

"அழாதீங்க. நுரை கலையுது."

அதில் இரக்கம் எதுவும் இல்லை. கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுவிட்டால் நெஞ்சு ஆறிவிடும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஆறவில்லை. சலூன்காரர் சொன்ன விதியை மீறி, உச்சிமுதல் உள்ளங்கால்வரை கோபத்தோடுதான் கத்தியை எடுத்தாள். கன்னத்தில் ஆரம்பித்து, காதோரம் இறக்கி, கழுத்து நரம்பு துடிக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு, மேலுதடு, கடைசியாக மோவாய். பத்து நிமிஷம். ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

கத்தியைத் துடைத்து உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மடக்கினாள். பிறகு வலது கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இவ்வளவு ஆத்திரத்திலும் அது நடுங்கவில்லை. அப்படியானால் இருபத்துநாலு வயசிலும் நடுங்கியிருக்காது. அவர் போட்ட பழியைவிட, அதை நம்பி இந்தக் கையை அவளே முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாளே, அந்தக் கோபம் இப்போதுதான் வந்தது. அதை யார் முகத்துக்கு முன்னால் தொங்கவிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணி, தண்ணி குடிக்கிறீங்களா?" கொழுந்தன் டம்ளரை நீட்டினான்.

ஒரே கையால் வாங்கிக் குடித்தாள். நுரைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வரச்சொல்லி கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள்.